சன்னதும் சுவடியும்: வ. உ. சிதம்பரனார் வாழ்வில் தொழிலிழப்பும் குறிக்கோளும்

முன்னுரை

புதியவர் ஒருவரைச் சந்திக்கும்போது பெயரை அடுத்து நாம் வினவுவது அவர் பார்க்கும் வேலையைப் பற்றியே ஆகும். வேலையே மனிதனின் இரண்டாவது பெயராகிவிட்டது. ஆகவே, அது பறிபோகும் நாளில் ஊதியம் மட்டும் போவதில்லை; 'நான் யார்?' என்னும் வினாவிற்கு அதுவரை கைவசமிருந்த விடையும் சேர்ந்தே போய்விடுகின்றது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் வளைகுடா நாடுகளில் வேலையிழந்து ஊர் திரும்பியோர் பலர். அவர்தம் இல்லங்களில் இவ்வினா எழுந்ததை நாம் கண்ணாரக் கண்டோம்.

தொழிலை இழந்தபின் வாழ்வின் குறிக்கோளை எவ்வாறு மீண்டும் தேடிக்கொள்வது? இவ்வினாவிற்கு வ. உ. சிதம்பரனாரின் பிற்கால வாழ்வு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கப்பலோட்டிய தமிழரை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் 1912இல் சிறை மீண்டது முதல் 1936இல் மறைந்தது வரையுள்ள 24 ஆண்டுகளை மேடைகள் மிகுதியாகப் பேசுவதில்லை. நமக்கு வேண்டிய பாடம் அவ்வாண்டுகளில்தான் உள்ளது.

இழப்பின் அளவு

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த சிதம்பரனார், தந்தையார் உலகநாத பிள்ளையைப் போன்றே வழக்கறிஞரானார். தூத்துக்குடியில் தொழில் சிறந்தது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கி அம்முயற்சிக்குப் பெருந்துணை புரிந்தார். 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின.

1908 ஜூலை 7ஆம் நாள் வழங்கப்பெற்ற தீர்ப்பு இவையனைத்தையும் ஒருசேரப் பறித்தது. இரட்டை ஆயுள் தண்டனையாக விதிக்கப்பெற்ற 40 ஆண்டுகள் மேல்முறையீட்டில் குறைந்தன என்பது உண்மையே. ஆயினும், 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தபோது கம்பெனி இல்லை, கப்பல்கள் இல்லை, வழக்குரைக்கும் சன்னதும் இல்லை. தீர்ப்பின் அதிர்ச்சியில் இளவல் மீனாட்சிசுந்தரம் மனம் பேதலித்திருந்தார். ஒருவரின் தொழிலிழப்பு அவரோடு நிற்பதில்லை, குடும்பம் முழுவதையும் தாக்குகின்றது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

சிறையில் தோன்றிய நூல்கள்

கோவைச் சிறையில் செக்கிழுத்த செய்தியை நாம் பலகாலும் கேட்டுள்ளோம். அக்காலத்திலேயே அவர் எழுதத் தொடங்கியதையும் உடன் வைத்து எண்ண வேண்டும். ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தழுவி 'மனம்போல வாழ்வு' என்னும் நூலை யாத்தார். அது 1909இல் வெளிவந்தது. 'மெய்யறம்', 'அகமே புறம்' ஆகியன விடுதலைக்குப் பின் 1914இல் வெளியாயின.

மெய்யறத்தின் அமைப்பு நம் கருத்திற்குரியது. 125 அதிகாரங்கள், அதிகாரத்திற்குப் பத்து அடிகள். மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து பகுதிகள். அனைத்தையும் இழந்த நிலையில் ஒருவர் வாழ்வு முழுவதையும் முதலிலிருந்து மீளவும் வரிசைப்படுத்திப் பார்த்துள்ளார். அவ்வரிசையை மாணவனிலிருந்து தொடங்கியுள்ளார். இழப்பிற்குப்பின் எவரும் மீண்டும் மாணவராக வேண்டியுள்ளது என்னும் உண்மை இவ்வமைப்பினால் புலப்படுகின்றது எனலாம்.

கடையும் பதிப்பும்

விடுதலைக்குப்பின் மனைவி மக்களோடு சென்னையில் குடியேறிய சிதம்பரனார் மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். கப்பல் கம்பெனி நடத்தியவர் கல்லாவில் அமர்ந்தார். வருவாய் போதவில்லை; நண்பர்களின் உதவியை நாட நேர்ந்தது. வறுமையை அழகுபடுத்திக் காட்டுதல் ஆய்வாளர்க்கு அறமாகாது. அவ்வாண்டுகள் கொடியவை என்றே கூறவேண்டும்.

எனினும் அதே ஆண்டுகளில், 1917இல், திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் வரைந்த உரையைப் பதிப்பித்தார். மணக்குடவர் பரிமேலழகருக்கு முற்பட்ட உரையாசிரியர். 1928இல் தொல்காப்பிய எழுத்ததிகாரத்திற்கு இளம்பூரணர் எழுதிய உரையை வெளியிட்டார். இளம்பூரணர் தொல்காப்பியம் முழுமைக்கும் உரை கண்ட முதல்வர். 1935இல் சிவஞான போதத்திற்குத் தாமே உரை கண்டார்.

கடலில் கப்பல் விட்டதற்கும் ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்ததற்கும் தொடர்பு யாது? நம் மக்களுக்குரியதை நம் மக்களிடமே சேர்ப்பித்தல் என்னும் ஒரே எண்ணம் இரண்டிலும் இயங்குகின்றது என்பது நம் கருத்து. கப்பல் கருவி, பதிப்பும் கருவி. கருவி பறிக்கப்பட்டபோது அவர் குறிக்கோளைக் கைவிடவில்லை. வேறு கருவியைக் கைக்கொண்டார்.

பிழைப்பும் குறிக்கோளும்

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் இன்றியமையாதது. வேலையிழந்தவர் முன் இரு வினாக்கள் எழுகின்றன. 'நாளைக்கு உலை வைப்பது எவ்வாறு?' என்பது ஒன்று. 'நாம் எதன் பொருட்டு வாழ்கின்றோம்?' என்பது மற்றொன்று. முதல் வினாவோடு வருவோரிடம் இரண்டாவதற்குரிய அறிவுரையைக் கூறுதல் கொடுமை. முதலாவதற்கு விடை கிடைத்தவுடன் இரண்டாவதை மறந்துவிடுதல் பேதைமை. சிதம்பரனார் முன்னதற்குக் கடையையும் பின்னதற்குச் சுவடியையும் விடையாகக் கொண்டார். ஒன்றிற்காக மற்றொன்றை விட்டாரல்லர்.

அவர் பழைய தொழிலை வெறுத்து ஒதுக்கவுமில்லை. 1920களில் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் சன்னது மீண்டும் கிடைத்தது. கோவில்பட்டியில் வழக்குரைக்கத் தொடங்கினார். அந்நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார். பழைய வேலைக்குத் திரும்புவது தோல்வியன்று. ஆயின் திரும்பிய பின்னும் பதிப்புப் பணி நின்றுவிடவில்லை என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது.

திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் 62ஆம் அதிகாரத்தை அடுத்து இடுக்கண் அழியாமை வைக்கப்பட்டுள்ளது. முயற்சியுடையோர்க்கும் இடுக்கண் வரும் என்பதை இவ்வைப்புமுறையே உணர்த்துகின்றது. வேலை போனவர் முயலாதவர் என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. சிதம்பரனாரின் வாழ்வு அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. தொழில் வேறு, குறிக்கோள் வேறு. தொழிலைப் பிறர் பறிக்கலாம், குறிக்கோளை நாமே விட்டாலன்றி அது போவதில்லை. பிழைப்புக்காகச் செய்யும் எந்த நேர்மையான வேலையும் இழிவன்று. தனி ஒருவர் மீண்டெழுவதற்குப் பிறர் துணையும் வேண்டும். நண்பர்களும் நீதிபதி ஒருவரும் கைகொடுக்காதிருப்பின் அவர் சுமை இன்னும் கனத்திருக்கும்.

பட்டம் பெற்று வெளியேறவிருக்கும் மாணவர்கள் தத்தம் வாழ்நாளில் ஒரே வேலையில் நிலைத்திருப்பர் என்று எவரும் உறுதி கூற இயலாது. எனவே, எந்த வேலை கிடைக்கும் என்று எண்ணுவதோடு, அந்த வேலை இல்லாதபோதும் எதைச் செய்துகொண்டிருப்போம் என்பதையும் இப்போதே எண்ணிப் பார்த்தல் நன்று. வேலையிழந்து வந்து நிற்கும் அண்டை வீட்டாரிடம் இரங்கல் மொழி கூறுவதோடு அமையாது, அவர் கற்றதையும் கைவந்ததையும் கேட்டறிந்து, அதற்கு ஒரு வழி காட்ட முயல்வோமாக.