கம்பத்துப் பந்தலும் கன்னியாகுமரிக் கரையும்

கேள்வி: திருவேங்கடத்திலிருந்து சொந்தக் காரில் ஒரு வாரம் குடும்பத்தோடு சுற்றிவர நினைக்கிறோம். கடற்கரை ஊர்கள் பார்க்க வேண்டும். திராட்சைத் தோட்டமும் ஒயின் செய்யும் இடமும் பார்க்க வேண்டும் என்பது தம்பியின் ஆசை. குற்றாலத்தில் ஒரு நாள் குளிக்கவும் வேண்டும். எழுபது வயது அம்மாவும் வருகிறார். எந்த மாதம் போகலாம், எந்த வழியில் போகலாம்?
- வாசகர், திருவேங்கடம்

பதில்: ஆசைகள் மூன்றும் ஒரே வாரத்தில் கூடிவராது. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் கன்னியாகுமரிக் கடல் கொந்தளிக்கும்; காற்று மிஞ்சினால் படகை நிறுத்திவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை கடலோரத்துக்கு மழைக்காலம். கார்த்திகையிலிருந்து தை பிறக்கும்வரை கம்பம் சாலை சபரிமலை வண்டிகளால் நிரம்பிக் கிடக்கும். தைப்பூசத்துக்கு முன்னால் கோவில்பட்டிப் பக்கத்துச் சாலைகளில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். அவர்களுக்கு இடையில் கார் ஓட்டுவது இரு தரப்புக்கும் ஆபத்து. ஆக, தைப்பூசம் கழிந்து பிப்ரவரி நடுவில் கிளம்புவதே நல்லது.

குற்றாலத்தை இந்த வாரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பக்கூடிய இடத்துக்கு, அதுவும் அருவி வற்றிய மாதத்தில், ஒரு நாளைச் செலவழிக்க வேண்டாம். சாரல் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள்.

முதல் நாள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக உசிலம்பட்டி, தேனி தொட்டுக் கம்பம். அம்மாவுக்காக இரண்டு இடத்தில் இறங்கி நடந்தாலும் மாலைக்குள் சேர்ந்துவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும் இருக்க, நிற்கும் இடத்தைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. கம்பத்தில் இரண்டு இரவு தங்குங்கள்.

அங்கே விளைவது பன்னீர்த் திராட்சை. உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அறிந்த ரகம். 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகின் பெரும்பாலான திராட்சை நாடுகளில் ஆண்டுக்கு ஒரே அறுவடைதான். கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் தயாராகிவிடும். விவசாயிகள் ஒவ்வொருவரும் வெவ்வேறு சமயத்தில் கவாத்து செய்வதால், எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு பந்தலில் கருநீலக் குலைகள் தொங்கும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் காலையிலேயே போனால் பழம் வெட்டிப் பெட்டியில் அடுக்குவதைப் பார்க்கலாம். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். குலையைத் தொடுவதற்கு முன் மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் கேளுங்கள். சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் அடிக்கடி மருந்து தெளிக்க வேண்டிய பயிர் இது. பறித்த பழத்தை அப்படியே வாயில் போடக் கூடாது.

தம்பியின் ஆசைக்கு நேரான பதில்: கம்பத்தின் பழம் பெரும்பாலும் பழக்கடைக்குத்தான் போகிறது. கோப்பை கோப்பையாக ஊற்றிக் கொடுத்து விளக்கும் சுற்றுலா அங்கே வளரவில்லை. அதற்கு நாசிக்தான் இடம். 1999இல் தொடங்கிய சுலா நிறுவனம் தோட்டத்தையும் ஆலையையும் சுவைக்கூடத்தையும் ஒரே வளாகத்தில் வைத்து மக்களை அழைத்தது. அங்கே அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ரயிலில் போகவேண்டிய தனிப் பயணம் அது. எங்கே குடித்தாலும் அன்று காரைத் தொடக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

இரண்டாம் நாள் மாலை லோயர் கேம்பில் இருக்கும் பென்னிகுவிக் நினைவு மண்டபத்துக்கு அம்மாவை அவசியம் அழைத்துப் போங்கள். மேற்கே ஓடிய பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே அவர் திருப்பிய வேலை 1895இல் முடிந்தது. காலையில் பார்த்த பந்தல்களெல்லாம் அந்தத் தண்ணீரை நம்பி நிற்பவை. பள்ளத்தாக்கின் வீடுகளில் அவர் படம் மாட்டியிருப்பதும், பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைப்பதும் அந்த நன்றியால்தான்.

மூன்றாம் நாள் காலை திராட்சை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள். கம்பத்துக்கும் கடலுக்கும் நடுவில்தான் திருவேங்கடம் இருக்கிறது. விடுதிச் செலவு மிச்சம், துணி துவைத்தாகிவிடும், அம்மாவும் தன் கட்டிலில் ஒரு இரவு தூங்குவார், பழமும் காருக்குள் வெந்து போகாது.

நான்காம் நாள் கழுகுமலை வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலச் சிற்பிகள் மலையை மேலிருந்து கீழாகச் செதுக்கிப் பாதியில் விட்ட கோயில் அது. படியேற வேண்டும், வெயிலுக்கு முன் போங்கள். அம்மா அடிவாரத்துக் கழுகாசலமூர்த்தி கோயிலில் இருக்கட்டும். பிறகு எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, தூத்துக்குடி, இரவு திருச்செந்தூர்.

ஐந்தாம் நாள்தான் இந்தப் பயணத்தின் சிறந்த நாள். திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடலை ஒட்டியே போகும் சாலையில் வரிசையாக ஊர்கள். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பக்கத்திலேயே உடன்குடி, கருப்பட்டி வாங்கவேண்டிய ஊர். மணப்பாட்டில் அவசரப்படாதீர்கள். 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே வளைந்து கிடக்கும் கடற்கரை, வலை உலர்த்தும் மீனவர்கள் என்று அரை நாள் தாராளமாகப் போகும். உவரியைத் தாண்டி இரவுக்குள் கன்னியாகுமரி.

ஆறாம் நாள் காலையிலேயே படகுக்கு வரிசையில் நின்றுவிடுங்கள். விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. படகு ஏறி இறங்க அம்மாவுக்குக் கைத்தாங்கல் தேவைப்படும்.

ஏழாம் நாள் நான்கு வழிச்சாலையில் நேரே திரும்பாமல் அம்பாசமுத்திரம் வழியாக வாருங்கள். பாபநாசம் அகத்தியர் அருவியில் கோடையிலும் தண்ணீர் விழும். குற்றாலத்தில் கிடைக்காத குளியல் அங்கே கிடைக்கும். பிறகு கடையம், தென்காசி, சங்கரன்கோவில், வீடு.

தேதி முடிவானதும் முதலில் திருச்செந்தூரில் அறை பதிவு செய்யுங்கள். மாசித் திருவிழா என்றைக்குத் தொடங்குகிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அந்த நாள்களிலும் சஷ்டி, கிருத்திகையிலும் அங்கே அறை கிடைப்பது கடினம்.