இறுகிப்போன கிராங்கைக் கழற்றுவது எப்படி?

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா செல்லும் மலைச் சாலையில், திரிங்காப்பைத் தாண்டியதும் கோலா தெர்லா வருகிறது. மழையும் மூடுபனியும் அவ்வூரை விட்டு அதிக நாள் விலகியிருப்பதில்லை. அங்கு ஒரு வீட்டு வாசலில் தந்தையார் ஒருவர், தம் மகனின் பி.எம்.எக்ஸ். மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சுத்தியலால் கிராங்கை அறைந்துகொண்டிருந்ததை நாம் கண்டோம். கிராங்க் அசையவில்லை. பற்சக்கரம்தான் வளைந்தது.

அவர் பலம் குறைந்தவர் அல்லர், திசையைத்தான் தவறவிட்டிருந்தார். சிறுவர்களுக்கான விலை குறைந்த பி.எம்.எக்ஸ். வண்டிகள் பலவற்றில் இரு கைகளும் அச்சும் ஒரே இரும்புத் துண்டாக வளைக்கப்பட்டிருக்கும். இதில் இடப்புற மிதிகட்டைக்கும், அதன் பக்கத்து நட்டுக்கும் இட மரை வெட்டப்பட்டுள்ளது. ஆகவே இடப்புறம் நின்று பார்க்கையில், கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் இவை கழலும். வழக்கம்போல் எதிர்த்திசையில் திருப்புவோர், கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்குகின்றனர். விமானம் கண்ட ரைட் சகோதரர்கள் மிதிவண்டி செய்து விற்ற காலத்திலேயே, மிதிக்கும்போது மிதிகட்டை தானாகக் கழலாதிருக்க இடப்பக்கத்தில் இட மரை அமைத்தனர் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

முதலில் செயினை நீக்கி, இட மிதிகட்டையைக் கழற்ற வேண்டும். பின்னர் நட்டு, வாஷர், கோன் என்ற வரிசையில் எடுத்தால், கிராங்க் முழுவதும் வலப்புறமாக வளைந்து வெளியே வந்துவிடும்.

மூன்று துண்டுகளாலான கிராங்கில் அச்சின் முனை நாற்சதுரமாக இருந்தால், அதற்கெனக் கழற்றும் கருவி உண்டு. நடு போல்ட்டை எடுத்தபின் உள்ளே வாஷர் தங்கியுள்ளதா எனப் பார்த்து, கருவியைக் கிராங்கின் மரைக்குள் முழுவதுமாக முறுக்கிச் செலுத்த வேண்டும். இரண்டு மூன்று சுற்றோடு விட்டுத் திருகினால் மரை உரிந்துபோகும். அதன்பின் அக்கருவியும் பயன்படாது.

பால் வாளிகளைச் சுமந்த நம் பழைய மிதிவண்டிகளிலோ, கிராங்கை ஓர் ஆப்பு முளை பிடித்திருக்கும். நட்டை முளையின் முனைக்குச் சமமாகத் தளர்த்தி, கிராங்கின் அடியில் தடித்த மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, நேராக ஓங்கி ஒரே அடி கொடுப்பதே முறை. முட்டின்றி அடித்தால் அடி முழுவதும் பேரிங் குண்டுகளைச் சேரும்.

துருப்பிடித்து இறுகியிருப்பின் துரு நீக்கும் எண்ணெயை இட்டு ஓர் இரவு ஊறவிடலாம். கிராங்க் அலுமினியமாகவும் அச்சு இரும்பாகவும் இருந்தால் வெந்நீரே நல்ல உதவி செய்யும். அலுமினியம் வெப்பத்தில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், பிடி சற்றே தளர்கிறது. ரப்பர்த் தோட்டங்களில் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும் இரும்பை அரிக்கும். அது தெறித்த வண்டியை உடனே நீரால் கழுவிவிடுவது நல்லது.

ஒரு பழக்கத்தை மட்டும் நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். மரை உரிந்ததும் போல்ட்டை எடுத்துவிட்டு, கிராங்க் தானாகக் கழலும்வரை வண்டியை ஓட்டுவது சில பட்டறைகளில் காணும் வழக்கம். சமதரையில் விழுந்தால் முழங்கால் சிராய்க்கும். கோலா தெர்லா போன்ற மலைச் சரிவிலோ நிலைமை வேறு. பின்னோக்கி மிதித்து நிறுத்தும் சிறுவர் வண்டியில் கிராங்க்தான் பிரேக்குக்கு விசை கொடுக்கிறது. அது கழன்றால் இறக்கத்தில் பிள்ளைக்கு நிறுத்தும் வழி இல்லை. மரை உரிந்த கிராங்கை, அது பாழாவதைப் பொருட்படுத்தாமல், பட்டறையில் அறுத்தெடுத்துப் புதியதை மாட்டச் சொல்லலாம்.

திரும்பப் பூட்டும்போது மரைகளைத் துடைத்துக் கிரீஸ் தடவ வேண்டும். சில நாள் ஓட்டியபின் போல்ட்டின் இறுக்கத்தை மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.