வீட்டுக் கம்ப்யூட்டரில் திருட என்ன இருக்கிறது?

நம்பிக்கை: "நம்மைப் போய் யார் குறிவைக்கப் போகிறார்கள்?"

உண்மை: வைரஸ்கள் ஆள் பார்த்து வருவதில்லை. 2017 மே 12 அன்று கிளம்பிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை ரான்சம்வேர் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியது. நமக்குப் பக்கத்திலேயே சித்தூர் மாவட்டப் போலீஸ் கம்ப்யூட்டர்களும் திருமலை தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களும் மாட்டின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. 'அப்புறம் பார்க்கலாம்' என்றவர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள். தோல் தொழில் நடக்கும் நம் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டர் பாதி ஆபீஸ்: பிள்ளையின் கேமுக்குப் பக்கத்திலேயே ஜாப் ஒர்க் பில், ஜிஎஸ்டி கணக்கு, பையர் மெயில். எடுத்துப்போக நிறையவே இருக்கிறது.

நம்பிக்கை: "நெட் கனெக்‌ஷனே இல்லை, வைரஸ் எப்படி வரும்?"

உண்மை: ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவ் போதும். உள்ளே ஃபோல்டர்கள் ஓரத்தில் சின்ன அம்புக்குறியோடு நின்றால் கை வைக்காதீர்கள். அசலை மறைத்துவிட்டு அதே பெயரில் நிற்கும் போலிகள் அவை. க்ளிக் செய்தால் வைரஸ் ஓடும். கூடவே ஃபோல்டரும் திறக்கும் என்பதால் சந்தேகமே எழாது. பதறி ஃபார்மட் அடித்துவிட வேண்டாம், ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேதான் மறைந்திருக்கும். முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பிரிண்ட் எடுக்க மட்டும் தனியாக ஒரு பென்டிரைவ் வைத்துக்கொண்டால் தொல்லை பாதியாகும்.

நம்பிக்கை: "பிடிஎஃப் பில்தானே, திறந்தால் என்ன?"

உண்மை: விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் வாலை மறைத்தே காட்டும். 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்' என்று தெரிவது 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' ஆக, அதாவது புரோகிராமாக இருக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் வால் தெரிந்துவிடும்.

இதைவிட மோசம், வைரஸே இல்லாத மெயில். கெமிக்கல் சப்ளையர் பெயரில் 'பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது' என்று வந்தால் எந்த ஆன்டிவைரஸும் கத்தாது. பணம் போடும் முன் அவரிடம் பேசுங்கள், உங்களிடம் ஏற்கெனவே உள்ள நம்பரில். அந்த மெயிலில் இருக்கும் நம்பரில் அல்ல.

நம்பிக்கை: "கிராக் சாஃப்ட்வேர் போட்டால் காசு மிச்சம்."

உண்மை: போடும்போதே 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்' என்கிறதே, அப்போதாவது யோசிக்க வேண்டாமா? திருடன் நாயைக் கட்டிப்போடச் சொல்வது போலத்தான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இலவசமாகவே இருக்கிறது. எதற்கும் கணக்கு ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்ததும் அதைக் கழற்றி வையுங்கள். செருகியே கிடந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

பணமே போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். அடுத்த அக்கவுண்டுக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு அதிகம்.