கைமாற்றுக் காரம்

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற மாதம் உங்கள் கல்லூரிக்கு வந்திருந்தபோது, சொற்பொழிவு முடிந்து எல்லோரும் காப்பிக்காகக் கலைந்துகொண்டிருந்த சந்தடியில் நீ என்னை மாடிப்படியருகே நிறுத்தி, "ஐயா, சால்கோன் செய்யும்போது கீட்டோன் ஒரு மோல் என்றால் சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு மோலுக்கு மேலேயே போடுகிறோம், இதை வினையூக்கி என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டாய். ரயிலுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில், "அளவு முக்கியமில்லையப்பா" என்று ஏதோ சொல்லி நழுவிவிட்டேன். நான் சொன்னது பொய்யன்று. ஆனால் அது பதிலும் அன்று. அந்தக் குற்ற உணர்ச்சியோடு ரயிலில் அமர்ந்தால், எதிரே இருந்த பையன் ஒரு கைடு புத்தகத்தை வைத்துக்கொண்டு, வினையூக்கி என்பது வினையில் பங்குகொள்ளாமல் வேகத்தை அதிகரித்து விளைபொருளையும் பெருக்கும் வஸ்து என்று உருப்போட்டுக்கொண்டிருந்தான். ஒரே வாக்கியத்தில் இரண்டு அபத்தங்கள்! அதைக் கேட்ட எரிச்சல்தான் இந்தக் கடிதமாக நீண்டுவிட்டது.

அசெட்டோஃபீனோனும் பென்சால்டிகைடும் சேர்ந்து சால்கோனாகும் கிளைசன்–ஷ்மிட் வினையை உனக்கு எழுதிக்காட்ட வேண்டிய அவசியமில்லை. சால்கோன் என்ற பெயரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1899-இல் பெர்ன் நகரில் கோஸ்டனெக்கி, தம்போர் என்ற இரு வேதியியலாளர்கள் இந்தச் சேர்மக் குடும்பத்துக்குச் சால்கோன் என்று நாமகரணம் செய்தார்கள். கிரேக்கத்தில் சால்கோஸ் என்றால் செம்பு. நிறத்தைக் குறித்த பெயரே தவிர, உள்ளே செம்பு அணு ஒன்றும் இல்லை. முன்பு ஒரு மாணவர் பெயரை நம்பிச் சால்கோனில் செம்புக்கான சோதனை செய்து பார்த்து, வரவில்லையே என்று முகம் வாடி என் அறைக்கு வந்தார். சொல்லை நம்பிப் பொருளைக் கோட்டைவிடுவது அவரோடு முடிந்த விஷயமன்று.

வினையூக்கி என்ற சொல்லையே எடுத்துக்கொள். என் காலத்தில் கிரியா ஊக்கி என்றோம். பிறகு பாடப்புத்தகங்களில் வினைவேக மாற்றி வந்தது. இப்போது மறுபடியும் ஊக்கிதான். ஊக்குகிறவன் யார்? மாடு பிடிக்கிறவனுக்கு வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுக்கிறவன். அவன் களத்தில் இறங்குவதில்லை, கொம்பு அவன் மேல் படுவதில்லை. பங்குகொள்ளாமல் என்ற பிழையில் பாதி இந்தச் சொல் விதைத்தது என்பது என் சொந்த அபிப்பிராயம். இன்னும் சில ஆசிரியர்கள் உறைமோரை உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே தலைவலி. உறைமோரில் உள்ள ஜீவராசிகள் பாலைத் தின்று பெருகுகின்றன. மறுநாள் காலையில் பானை முழுவதுமே உறைமோர்தான். தன்னைத்தானே பெருக்கிக்கொள்வது வேறு, கொடுத்ததைக் கொடுத்தபடி திரும்பப் பெறுவது வேறு. இரண்டாவதற்கு நம் வீடுகளில் சரியான சொல் ஒன்று இருக்கிறது: கைமாற்று. காலையில் அடுத்த வீட்டில் நூறு ரூபாய் கைமாற்று வாங்குகிறோம், மாலையில் திருப்பிக் கொடுக்கிறோம். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. திருப்பிக் கொடுக்கும் நோட்டு காலையில் வாங்கிய அதே நோட்டாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதும் இல்லை. இந்தக் கடைசி அம்சத்தை மறந்துவிடாதே. அதில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போது உன் குடுவைக்குள் ஒரு ஹைட்ராக்சைடு அயனியைப் பின்தொடர்ந்து போவோம். அது அசெட்டோஃபீனோனின் மெத்தில் தொகுதியிலிருந்து ஒரு புரோட்டானைக் கவர்ந்துகொண்டு நீராகிவிடுகிறது. அதாவது, பங்குகொள்வது மட்டுமன்று, அந்தக் கணத்தில் ஹைட்ராக்சைடாக இருப்பதையே அது விட்டுவிடுகிறது. முதல் கைமாற்று இது. பிறந்த ஈனோலேட் பென்சால்டிகைடின் கார்பனைலைத் தாக்கி ஆல்காக்சைடாக, அந்த ஆல்காக்சைடு பக்கத்திலிருக்கும் நீரிலிருந்து புரோட்டானை வாங்கிக் கீட்டாலாக (ஹைட்ராக்சி கீட்டோனாக) மாறும்போது ஒரு ஹைட்ராக்சைடு திரும்பி வருகிறது. முதல் கடன் அடைந்தது. ஆனால் கீட்டாலோடு வினை நிற்பதில்லை. கீட்டாலின் நடுக்கார்பனிலிருந்து மற்றொரு புரோட்டானை எடுக்க இரண்டாம் முறை கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. அப்படி உண்டான புதிய ஈனோலேட், பீட்டா கார்பனில் தொங்கிக்கொண்டிருக்கும் ஹைட்ராக்சைடைத் தள்ளிவிட்டு இரட்டைப் பிணைப்பை அமைத்துக்கொள்ளும்போதுதான் இரண்டாம் கடனும் தீர்ந்து சால்கோன் பிறக்கிறது. கடைசியாக வெளியேறிய அந்த ஹைட்ராக்சைடின் ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார். நீ தராசில் நிறுத்துப் போட்ட காரத்திலிருந்து அன்று. பென்சால்டிகைடின் கார்பனைல் ஆக்சிஜன் அது! தொகை ஒன்றுதான், நோட்டு வேறு.

இத்தனை விஸ்தாரமாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கார்பன்–கார்பன் பிணைப்பு உண்டாவதுதான் இந்த வினையின் கடினமான படி என்றே நானும் நெடுங்காலம் பாடம் சொல்லிவந்தேன். சார்ல்ஸ் பெர்ரின் என்ற கலிஃபோர்னியப் பேராசிரியரும் அவருடைய சகாவும் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்த அன்றுதான் என் கண் திறந்தது. கீட்டால்களைத் தனியே எடுத்துக் காரத்தில் இட்டு, அவை முன்னேறிச் சால்கோனாகும் போக்கையும் பின்வாங்கி ஆல்டிகைடும் கீட்டோனுமாகச் சிதையும் போக்கையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். அதோடு, சாதாரண நீரைவிடக் கனநீரில் வினை வேகமாக நடப்பதையும் கண்டார்கள். கனநீரில் உள்ள ஹைட்ராக்சைடு சற்று வலிய காரம் என்பதால் ஈனோலேட் சமநிலைகள் அங்கே முன்னோக்கிச் சாய்கின்றன. மெதுவான படியிலேயே புரோட்டான் கைமாறுவதாக இருந்தால் இந்த வேகம் வந்திராது. இரண்டு சாட்சியங்களையும் சேர்த்து அவர்கள் கண்ட முடிவு, மிக மெதுவான படி ஹைட்ராக்சைடு வெளியேறும் அந்தக் கடைசிப் படியே என்பது. கடன் வாங்குவதில் தாமதமே இல்லை. திருப்பிக் கொடுப்பதில்தான் தாமதம்! பங்குகொள்ளாத வஸ்து என்று எந்த ஹைட்ராக்சைடைச் சொல்கிறார்களோ, அதன் புறப்பாடுதான் முழு வினையின் வேகத்தையும் நிர்ணயிக்கிறது.

சரி, ஒரு மோலுக்கு மேலே ஏன் போடுகிறார்கள்? கோலரும் சாட்வெல்லும் எழுதி 1922-இல் ஆர்கானிக் சிந்தசிஸ் தொகுதியில் வெளியான செய்முறையைப் பார்: 520 கிராம் அசெட்டோஃபீனோன், 460 கிராம் பென்சால்டிகைடு, 218 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு. முதலிரண்டும் 4.3 மோல், காரமோ 5 மோலைத் தாண்டுகிறது. அசெட்டோஃபீனோனின் அமிலத்தன்மை மிக அற்பமானது. அதன் பிகேஏ நீரில் ஏறக்குறைய 18. ஆகவே இத்தகைய காரக் கரைசலில்கூடப் பல்லாயிரம் மூலக்கூறுகளில் ஒன்றுதான் ஒரு சமயத்தில் ஈனோலேட்டாக இருக்கும். காரத்தைக் கூட்டினால் அந்த எண்ணிக்கை கூடும், வேகம் கூடும், இரண்டு மூன்று மணியில் படிகக் கூழ் கெட்டிப்பட்டுக் கலக்கியே நின்றுவிடும். குறைத்தால் நாளாகும், வேறொன்றுமில்லை. பெட்டியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதற்கும் எவ்வளவு செலவாகிறது என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அன்று மாடிப்படியில் நான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தச் செய்முறையின் விளைச்சல் 85 சதவீதம். அந்தப் புகழ் காரத்தைச் சேர்ந்ததன்று. வினையூக்கி சமநிலையை ஓர் இம்மியும் நகர்த்தாது. சால்கோனை உண்டாக்கும் அதே ஹைட்ராக்சைடு, சூடான காரநீரில் சால்கோனைப் பிளந்து பழையபடி பென்சால்டிகைடாகவும் அசெட்டோஃபீனோனாகவும் ஆக்கவும் வல்லது. விளைச்சலைத் தருவது, இரு வளையங்களோடும் இணைந்து நிலைபெறும் இரட்டைப் பிணைப்பும், குளிர்ந்த நீர்கலந்த ஆல்கஹாலில் கரையாமல் மஞ்சள் படிகமாக ஒதுங்கிவிடும் சால்கோனின் குணமுமே. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழும் 30 டிகிரிக்கு மேலும் போகக்கூடாது என்று அங்கே எச்சரித்திருப்பதை நம்மூர் மே மாதத்தில், ஐஸ் வாங்கச் சோம்பல்பட்டு, பலர் மதிப்பதே இல்லை. பிறகு எண்ணெயாக வந்துவிட்டது என்று அழுவார்கள். சுத்தமான சால்கோனே 55 டிகிரியிலிருந்து உருகத் தொடங்குகிறதே, அழுக்குக் கலந்தது எண்ணெயாகாமல் என்ன செய்யும்?

அதே குடுவையில் அதே ஹைட்ராக்சைடு வினையூக்கியாக இல்லாமல் வெறும் வினைபொருளாக நடந்துகொள்ளும் சந்தர்ப்பமும் உண்டு. பென்சால்டிகைடு கன்னிசாரோ வினைக்கு உட்பட்டால் பென்சோயேட் உப்பு உண்டாகிறது. அதில் போன காரம் திரும்பாது. அது கைமாற்று அன்று, செலவு. பழைய பாட்டிலில் பென்சால்டிகைடு காற்றுப்பட்டுப் பென்சோயிக் அமிலமாகியிருந்தால், அங்கேயும் செலவு. கீட்டோனில் ஃபீனால் தொகுதி இருந்தால் காரம் முதலில் அதற்கே கப்பம் கட்ட வேண்டும். அதனால்தான் ஹைட்ராக்சி சால்கோன்களுக்குக் காரத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள், அல்லது உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்தி அமில வழியில் போகிறார்கள்.

இந்த ஹைட்ராக்சி சால்கோன்களைப் பற்றிப் பேசினால் எனக்குக் குளித்தலைக்காரர் ஞாபகம் வந்துவிடும். 1900-இல் அங்கே பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் பயின்று திரும்பிய டி. ஆர். சேஷாத்திரி, வால்டேரிலும் பின்னர் டில்லியிலும் இருந்துகொண்டு நம் நாட்டுப் பூக்களின் வர்ணப் பொருள்களை ஆராய்வதிலேயே ஆயுளைக் கழித்தார். பூக்களில் புரசம்பூவை நீ பார்த்திருப்பாய். சென்னையில் புரசைவாக்கத்தின் பெயரே அந்த மரத்தால் வந்தது என்பார்கள். இன்று அங்கே மரத்தைத் தேடிப் போனால் துணிக்கடைதான் கிடைக்கும். அந்தப் பூவை வேகவைத்த நீரில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் நிறம் ஆழ்ந்து சிவக்கிறது: பியூட்டின் என்ற ஃபிளாவனோனின் வளையம் காரத்தில் திறந்து பியூட்டீன் என்ற சால்கோன் ஆவதே அதன் சூட்சுமம். உன் குடுவையிலும் இதே சமநிலைதான், ஹைட்ராக்சி சால்கோன் தானே வளையம் மூடி ஃபிளாவனோனாகி உன்னை ஏமாற்றும்.

திண்ம வினையூக்கிகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். மக்னீசியமும் அலுமினியமும் அடுக்கடுக்காக அமைந்த ஹைட்ரோடால்சைட் ஒன்றுதான் அவற்றில் என் மனத்தைக் கவர்ந்தது. வாலென்சியாவில் கோர்மாவின் குழுவினர் 1995-இல் அதைக்கொண்டு சால்கோன்களைத் தயாரித்துக் காட்டினார்கள். வெசிட்ரில் என்ற மருந்தாகிய டிரைமெத்தாக்சி சால்கோனும் அவற்றில் ஒன்று. அந்தத் திண்மத்தை 450 டிகிரி அளவில் சுட்டு, பிறகு நீர் காட்டினால், அடுக்குகள் மீண்டும் அமைந்து, இடையே கார்பனேட் இருந்த இடத்தில் ஹைட்ராக்சைடு வந்து உட்காருகிறது, வினையும் சுறுசுறுப்படைகிறது. விளைபொருளாக நீரே வெளிவரும் வினைக்கு நீர் ஊட்டுவதாவது என்று முதலில் திகைத்தேன்; கைமாற்று கொடுப்பவன் ஹைட்ராக்சைடுதான் என்பது ஞாபகம் வந்ததும் திகைப்பு தீர்ந்தது. மற்றபடி, நாளொரு சாம்பலும் பொழுதொரு நானோத் துகளுமாக வரும் கட்டுரைகளில் எனக்கு நாட்டமில்லை. வாழைத்தோல் சாம்பல் அற்புத வினையூக்கி என்கிறார்கள்; சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருப்பது நம் வண்ணார்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். சாம்பலை வடிகட்டி எடுத்த தெளிநீரே அந்த வேலையைச் செய்கிறதா என்று பார்க்காமல், இரண்டாம் முறை அதே திண்மத்தைப் போட்டுப் பார்க்காமல், 95 சதவீதம் என்று எழுதுவதில் என்ன புருஷார்த்தம்?

தாவரங்கள் இந்தச் சங்கடம் எதுவும் இல்லாமல், அசெட்டோஃபீனோனையே தொடாமல், ஒரு கூமரோயில் கோஎன்சைம்-ஏயோடு மூன்று மலோனில் கோஎன்சைம்-ஏக்களைக் கோத்துச் சால்கோன் செய்துகொள்கின்றன. இதைச் செய்யும் நொதியை 1972-இல் பார்ஸ்லிக் கீரையின் உயிரணுக்களிலிருந்து எடுத்தவர்கள் அதற்கு ஃபிளாவனோன் சிந்தேஸ் என்று பெயரிட்டார்கள். பிறந்த சால்கோன் உடனே வளையம் மூடிக்கொண்டதால் வந்த மயக்கம் அது, 1980-இல்தான் தெளிந்தது. புரசம்பூ செய்யும் வித்தையே, திசைதான் எதிர். இதைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை சால்கோன் செய்யும்போது, காரக் கரைசலை ஊற்றுமுன் அதில் ஒரு பங்கை எடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு தரம்பார்த்துக் குறித்துக்கொள். படிகங்களை வடிகட்டி, குளிர்ந்த நீரில் நன்றாகக் கழுவி, கழுவிய நீரையும் வடிநீரோடு சேர்த்து, மறுபடி ஃபினால்ஃப்தலீன் இட்டுத் தரம்பார். திரும்பி வந்தது எவ்வளவு, கன்னிசாரோ தின்றது எவ்வளவு என்று அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். பிறகு காரத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து மறுபடி ஒரு முறை செய்து, மஞ்சள் படிகம் முதலில் தலைகாட்டிய நேரத்தை எழுதி வை. பென்சால்டிகைடைப் புதிதாகக் காய்ச்சி வடித்துக்கொள்ள மறந்துவிடாதே. கணக்கைத் தபாலில் அனுப்பு; வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்