ரிப்பன் கட்டடமும் நமது சங்கக் கட்டடமும்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு அருகே, கடிகாரக் கோபுரத்துடன் வெண்ணிறமாய் விளங்கும் மாளிகையை அங்கத்தினர்களில் பலர் கண்டிருப்பர். அது சென்னை நகர பரிபாலன சபையின் கட்டடம். 1909-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11-ந் தேதி மிண்டோ பிரபு அதற்கு அஸ்திவாரக்கல் நாட்டினார். 1913-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26-ந் தேதி ஹார்டிஞ்சு பிரபு திறந்து வைத்தார். சுமார் ஏழரை லட்சம் ரூபாய் செலவாயிற்று. இவ்விருவரும் அவ்வச்சமயம் அதிகாரத்திலிருந்த ராஜப்பிரதிநிதிகள். எனினும் கட்டடத்திற்கு இடப்பட்ட பெயர் இவர்களுடையதன்று. 1884-லேயே பதவியை விட்டு நீங்கி, 1909 ஜூலையில் இங்கிலாந்தில் காலஞ்சென்ற ரிப்பன் பிரபுவின் பெயரே இடப்பட்டது.

காரணம் யாதெனில், 1882-ஆம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி அவர் வெளியிட்ட ஸ்தல சுயாட்சித் தீர்மானமாகும். கிராமப் பகுதிகளுக்கும் ஸ்தல போர்டுகள் வேண்டும். அவற்றில் உத்தியோகஸ்தர் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது. கூடுமான இடங்களில் தலைவரும் உத்தியோகஸ்தரல்லாதவராயிருத்தல் வேண்டும் என்பன அதன் முக்கிய அம்சங்கள். தொடக்கத்தில் பிழைகள் நேரும் என்பதை ஒப்புக்கொண்டே, பொதுக்காரியங்களை நடத்திப் பழகுவது ஜனங்களுக்கு ஒரு கல்வி என்று அத்தீர்மானம் கருதிற்று. நமது பஞ்சாயத்தாருக்கு இது எளிதில் விளங்கும். முதல் வருஷம் ஐந்தொகையை வாசிக்கத் தடுமாறிய அங்கத்தினரே மூன்றாம் வருஷம் தணிக்கைக் குறிப்பைப் பற்றிக் கேள்வி கேட்கிறார் அல்லவா?

தீர்மானம் முழுவதும் உடனே நிறைவேறவில்லை. 1884-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டத்தால் ஜில்லா போர்டுகளும் தாலூகா போர்டுகளும் யூனியன்களும் தோன்றின. ஆயினும் நெடுங்காலம் ஜில்லா போர்டின் தலைமை கலெக்டரிடமே இருந்தது. சென்னை நகர சபையிலும், தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவராகப் பி. தியாகராய செட்டியார் வந்தது 1920-ல்தான். அதாவது, கட்டடம் திறந்து ஏழாண்டுகளுக்குப் பின்னர்.

இனி நமது விஷயத்திற்கு வருவோம். சங்கம் சொந்தத்தில் அலுவலகமோ கிடங்கோ கட்டியவுடன், யார் பெயரை இடுவது என்ற பேச்சு எழும். அதிகத் தொகை கொடுத்தவர் பெயரை ஒரு சாரார் சொல்வர். மேற்பார்வை செய்யும் அதிகாரியின் பெயரை வேறொரு சாரார் சொல்வர். பின்னது மிகவும் ஆபத்து. நம் கணக்கைத் தணிக்கை செய்பவரும் கடன் மனுவைச் சிபாரிசு செய்பவரும் பதவியிலிருக்கும்போதே அவர் பெயரை நம் சுவரில் பொறித்தால், அவர் நாளைக்கு நம் குறையை எழுத நேரும்போது கை தயங்கும். எழுதாவிடில் நஷ்டம் வைப்பு வைத்த ஏழைக்கே.

ஆதலின், பெயர் விஷயம் பொதுச்சபைக் கூட்ட அறிவிப்பில் முன்னதாகவே குறிக்கப்படவேண்டும். முன்மொழிகிறவர், அப்பெரியார் சங்கத்திற்கு அல்லது ஊருக்குச் செய்த காரியம் இன்னது, இன்ன வருஷத்தில் என்று சொல்லவேண்டும். சொல்ல இயலாவிடில், கட்டடத்திற்குச் சங்கத்தின் பெயரே போதும். கல் பொறிக்கும் செலவை ரிஸர்வ் நிதியிலிருந்து எடுக்காமல், விருப்பமுள்ளோரிடம் தனியே வசூலித்து, தனியே கணக்கெழுதுக.