கோழியை வளர்ப்பது ஊசியா?

நம்பிக்கை: பிராய்லர் கோழி நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தாண்டுவதற்கு ஹார்மோன் ஊசிதான் காரணம். அந்தக் கறியைச் சாப்பிடுவதால்தான் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள்.

உண்மை: கோவையிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில், கிணத்துக்கடவைச் சுற்றித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கோழி ஷெட்டுகள் நீளநீளமாக நிற்கின்றன. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி வட்டாரம் கறிக்கோழித் தொழிலில் நாட்டுக்கே முன்னோடி. பண்ணைக் கொள்முதல் விலையைப் பல்லடத்திலுள்ள பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழுதான் அறிவிக்கிறது. கோழி இவ்வளவு பக்கத்தில் வளர்ந்தும், 'ஊசி போட்ட கோழி' என்ற பேச்சு இங்கேயும் ஓயவில்லை. நாட்டுக்கோழி ஒன்றரை கிலோவைத் தொட மாதக்கணக்கில் ஆவதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வருவது இயல்புதான். சந்தேகத்தில் தவறில்லை. ஆனால் அது தவறான இடத்தைச் சுட்டுவதால், பயப்பட வேண்டிய உண்மையான விஷயம் கண்ணில் படாமல் போகிறது.

முதலில் வளர்ச்சிக்கான காரணத்தைப் பார்ப்போம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலகட்டங்களின் கோழி வம்சாவழிகளை ஒரே தீவனம் கொடுத்து ஒன்றாக வளர்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 56-வது நாளில் 1957-ஆம் ஆண்டு வழியின் சராசரி எடை 905 கிராம், 1978-ஆம் ஆண்டு வழிக்கு 1,808 கிராம், 2005-ஆம் ஆண்டு வழிக்கு 4,202 கிராம். தீவனம் ஒன்று, பராமரிப்பு ஒன்று. மாறியது பரம்பரை மட்டுமே. ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாக வளர்ந்த, மார்புக்கறி அதிகமுள்ள கோழிகளையே பொறுக்கியெடுத்து இனம் சேர்த்துக்கொண்டு வந்ததன் விளைவு இது. நல்ல விதையைப் பொறுக்கி வைத்து விதைக்கும் விவசாயிக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த சத்தான தீவனம் அந்தப் பரம்பரைக்குத் துணை நிற்கிறது. இந்த வேகத்துக்குக் கோழியும் விலை கொடுக்கிறது. காலும் இதயமும் உடல் எடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகின்றன. கோழி நொண்டுவதைப் பார்த்து ஊசியைச் சந்தேகிக்கிறோம்; உண்மையில் அது அவசர வளர்ச்சியின் பாரம்.

கோழிக்கு ஊசியே கிடையாதா என்றால், உண்டு. குஞ்சுப் பொரிப்பகத்திலேயே மாரெக் நோய்க்கான தடுப்பூசியைக் கழுத்துத் தோலுக்கு அடியில் போட்டுவிடுகிறார்கள். வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய்க்குக் கண்ணில் சொட்டாகவோ குடிதண்ணீரிலோ தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள். இவை நோய் தடுப்பவை. எடை கூட்டுபவை அல்ல. வளர்ச்சி ஹார்மோன் என்பது புரதம். இன்சுலினை மாத்திரையாக விழுங்கினால் வயிற்றில் செரித்துப் பயனற்றுப் போகும் என்பது சர்க்கரை நோயாளிகளுக்குத் தெரியும். அதே காரணத்தால் வளர்ச்சி ஹார்மோனையும் தீவனத்தில் கலக்க முடியாது. ஒவ்வொரு கோழிக்கும் திரும்பத் திரும்ப ஊசிதான் போட வேண்டும். ஐயாயிரம் கோழியை ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டு, கோழி நிறுவனத்திடம் கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலி வாங்கும் ஷெட்டில் இது நடக்கிற காரியமா? அப்படியே போட்டாலும் கறிக்கோழியின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் வாய்வழியாகவும் வேலை செய்யுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்கு ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவில் 1940-களில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் வில்லையை இளஞ்சேவல்களின் கழுத்துத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். அதில் கூடியது கறியைவிடக் கொழுப்புதான். எச்சம் கறியில் தங்குவது தெரிந்ததும் 1959-இல் அதற்கு முடிவு கட்டினார்கள். இன்றைய வதந்தியின் வேர் அங்கே இருக்கலாம்; ஆனால் இன்றைய கோழியின் வளர்ச்சிக்கு அது காரணம் அல்ல.

பெண் குழந்தைகள் வயதுக்கு வரும் கதைக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வட ஐரோப்பாவில் பெண்கள் பூப்பெய்திய சராசரி வயது பதினாறு, பதினேழு. நூறு ஆண்டுகளில் அது பதின்மூன்றை ஒட்டி இறங்கியது. அமெரிக்காவில் வேகமாக வளரும் கறிக்கோழிக்கான 'நாளைய கோழி' போட்டியே 1940-களின் பிற்பாதியில்தான் நடந்தது. அதாவது, பிராய்லர் வருவதற்கு முன்பே வயது இறங்கிவிட்டது. சத்தான உணவும் குறைந்த நோயும் அதற்கு முக்கியக் காரணங்கள். உடலில் கொழுப்பு சேரச் சேர, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் மூளைக்கு 'உடல் தயார்' என்று தகவல் அனுப்புகிறது. பழியைக் கோழி மேல் போட்டுவிட்டு இருந்துவிட்டால் நஷ்டம் குழந்தைக்குத்தான். எட்டு வயதுக்கு முன்பே மார்பக வளர்ச்சி தென்பட்டால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். உணவை மாற்றிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

அப்படியானால் பயப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, அதன் பெயர் ஆன்டிபயாட்டிக். டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் தலைநகர்ப் பகுதியில் 70 கோழி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. வேறு எந்த மருந்தும் கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் கொலிஸ்டின், பண்ணைகளில் எடை கூட்டப் பயன்பட்டது. அதை எதிர்க்கும் திறனை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் மரபணு சீனாவில் கண்டறியப்பட்டு 2015-இல் உலகுக்குத் தெரிந்தது. 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. கறியை நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும் என்பது சரிதான். ஆனால் ஆபத்து குழம்புச் சட்டியோடு முடிவதில்லை. ஷெட்டில் பரப்பிய தென்னை நார்க்கழிவு, கோழி எச்சத்தோடு சேர்ந்து எருவாகித் தோப்புக்குப் போகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் அந்த எருவிலும், மண்ணிலும், தண்ணீரிலும், வேலை செய்பவர் கையிலும் பயணம் செய்ய முடியும். கோழியே சாப்பிடாதவரின் அறுவைச் சிகிச்சைக் காயத்தில்கூட அவை ஒருநாள் வந்து சேரலாம். நாட்டுக்கோழி என்று பெயர் சொல்லி ஷெட்டில் அடைத்து வளர்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

நோயுற்ற கோழிக்கு வைத்தியம் பார்ப்பது தவறல்ல. கால்நடை மருத்துவர் சொன்னபடி கொடுப்பதும், மருந்தை நிறுத்திக் குறித்த நாள் கழித்தே விற்பதும் அதற்கான முறை. நோயே இல்லாத கூட்டத்துக்கு வழக்கமாகக் கலந்து கொடுப்பதுதான் கேடு. எடை கூட்டுவதற்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே தடை செய்தது. அதற்குப் பிறகும் அங்கே கோழித் தொழில் நடக்கத்தான் செய்கிறது. எனவே நம் கேள்வியை மாற்றுவோம். 'ஹார்மோன் போட்டீர்களா?' என்று கேட்டால் 'இல்லை' என்று உண்மையைச் சொல்லியே நிறுவனங்கள் நழுவிவிடும். எந்த மருந்து, யார் சொல்லி, எந்த நோய்க்கு, கடைசியாகக் கொடுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால், பதிவேட்டைத் திறந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.