உங்கள் குளத்து மறுகாலுக்கு எந்த மழை கணக்கு?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தாமிரபரணியின் கடைமடையில் வாழையும் பிசான நெல்லும் வைக்கும் நீங்கள், சுற்றி வளைக்காமல் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். காலநிலை மாற்றத்துக்கு அரசாங்கம் திட்டம் போட்டிருக்கிறதாமே, அதில் என் தோட்டம் எங்கே இருக்கிறது என்று. உங்களைப் போலப் பலரும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பதால், பதிலை எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்தக் கரையோரத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையைவிட அது அதிகம். கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்து தூத்துக்குடி மூழ்கியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியாமல் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விட்டது. பயணிகள் சுமார் 800 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு நாளுக்கும் மேலாக அந்த நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள்.

இனி அரசின் ஏடுகளுக்கு வருகிறேன். இந்திய அரசு 2008 ஜூனில் காலநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. மறு ஆண்டே, ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒன்றை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. தமிழ்நாடும் எழுதியது, பிறகு திருத்தியும் எழுதியது. 2022-இல் வேகம் கூடியது. தமிழ்நாடு பசுமை காலநிலை நிறுவனம் என்று தனியாக ஓர் அமைப்பு வந்தது. அதன்கீழ் பசுமைத் தமிழ்நாடு இயக்கம், ஈரநில இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம் ஆகியவை வந்தன. முதலமைச்சர் தலைமையில் ஆட்சிமன்றக் குழுவும் அமைந்தது. மாவட்டங்களில் ஆட்சியரே காலநிலை மாற்ற இயக்கத்தின் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். இந்தியாவில் இத்தனை அடுக்குகளோடு இதற்கென ஏற்பாடு செய்த மாநிலங்கள் குறைவு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் உங்கள் தோட்டம் அந்த ஏடுகளில் இல்லை, அண்ணாச்சி. உங்கள் தோட்டத்தின் கதி நீர்வளத்துறையின் உதவிப் பொறியாளர் ஒருவர் போடும் எஸ்டிமேட்டில் இருக்கிறது. குளம் நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் மறுகாலை எத்தனை அடி அகலத்துக்கு எடுத்துக் கட்டுவது, கரையை எவ்வளவு உயர்த்துவது, மறுகால் ஓடை சாலையைக் கடக்கும் இடத்தில் பாலத்துக்கு எத்தனை கண் விடுவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அந்த முடிவுக்கு அடியில் ஓர் எண் உண்டு. எந்த மழையைத் தாங்கும்படி இதைக் கட்டுகிறோம் என்பதே அந்த எண்.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பொறியாளர்கள் ‘50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை’ என்று சொல்வார்கள். இன்று பெய்துவிட்டால் இனி 50 ஆண்டுக்கு வராது என்று அதற்கு அர்த்தமில்லை. எந்த ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றுக்கு 2 பங்கு வாய்ப்பு உண்டு என்பதுதான் கணக்கு. அதை நம்பிக் கட்டிய பாலம் 30 ஆண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 30 ஆண்டுக்குள் ஒருமுறையாவது அந்த மழை வந்துவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 45. இனிமேல்தான் சிக்கல். காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். கடலும் சூடாகிறது. பழைய பதிவேடுகளில் 50 ஆண்டுக்கு ஒருமுறை என்று இருந்த மழை, 25 ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டால், அதே 30 ஆண்டில் வாய்ப்பு நூற்றுக்கு 70ஐத் தொட்டுவிடும். பாலம் அதேதான், சிமெண்டும் கம்பியும் அதேதான். மாறிய மழையைக் கணக்கில் சேர்க்காததால் மட்டுமே அது போதாத பாலமாகிவிடுகிறது. நகரங்களின் மழைநீர் வடிகால்களுக்கோ பெரும்பாலும் 2 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைதான் கணக்கு.

95 செ.மீ. மழையைத் தாங்குகிற மாதிரி எல்லாக் குளத்தையும் கட்ட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது, அப்படிக் கட்டுங்கள் என்று யாரும் சொல்லவும் கூடாது. ஆனால் எந்த அளவு மழைவரை கரை நிற்கும், அதற்குமேல் வந்தால் தண்ணீரை எந்தப் பக்கம் திருப்புவது, அந்தப் பக்கம் எந்த ஊர் இருக்கிறது, அந்த ஊருக்கு யார் எப்போது சொல்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க முடியும். கரை தானாக உடைவதற்கும், உடையும் முன் வழி விடுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததா?

மறுகாலை அகலப்படுத்தினால் மட்டும் போதும் என்று நினைத்தாலும் தப்பு. நம் குளங்கள் தனித்தனியாக இல்லை. மேலக்குளத்தின் மறுகால் கீழக்குளத்துக்குப் போகிறது. ஒரு குளத்துக்கு மட்டும் நல்ல எஸ்டிமேட் போட்டு மறுகாலைப் பெரிதாக்கினால், அந்த வெள்ளம் மொத்தமும் அடுத்த குளத்துக் கரையில் போய் மோதும். நடுவே சாலை குறுக்கிட்டால் அந்தப் பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது. ரயில் பாதை குறுக்கிட்டால் அது ரயில்வேயுடையது. சின்ன ஓடை என்றால் ஊராட்சிக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ போய்விடும். தண்ணீர் ஒன்று, அதற்கு அலுவலகங்கள் நான்கு. ஒரு துறை தன் கணக்கை மாற்றி மற்றவை பழைய கணக்கிலேயே இருந்தால் ஆபத்து இடம் மாறுமே தவிரக் குறையாது.

மாநில அரசின் திட்டத்துக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கிராமத்தால் இதைச் செய்ய முடியாது, டெல்லியிலிருந்தும் செய்ய முடியாது. ஆறு முழுவதையும் ஒரே படமாக வைத்து, இந்த வடிநிலத்தில் இனி மாநிலத்தின் எல்லாத் துறையும் இந்த மழைக் கணக்கைத்தான் எடுக்க வேண்டும் என்று ஓர் அரசாணை போட மாநிலத்தால்தான் முடியும். அந்த நான்கு அலுவலகங்களையும் ஒரே மேசைக்குக் கூப்பிடும் அதிகாரம் மாவட்டத்தில் ஆட்சியருக்கு மட்டுமே உண்டு. அதனால் அவரை இயக்குநராக்கியது சரியான முடிவு. வன அலுவலர் காலநிலை அலுவலராக இருப்பதில்தான் எனக்குத் தயக்கம். மரம் நடுவதும் புன்னைக்காயல் முகத்துவாரத்தில் அலையாத்தி வளர்ப்பதும் அவருக்குக் கைவந்த வேலை. நெடுஞ்சாலைப் பாலத்தின் கண்களைப் பற்றி அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

காலநிலை என்ற பெயரே இல்லாமல், மாறும் மழைக்கு ஈடுகொடுக்கும் வேலையைச் செய்யும் திட்டம் ஒன்று உங்கள் பக்கமே இருக்கிறது. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம். ஆற்றில் வீணாகக் கடலுக்குப் போகும் வெள்ளத்தைக் கன்னடியன் கால்வாய் வழியாக எடுத்து, சுமார் 75 கி.மீ. வெள்ளநீர்க் கால்வாயில் சாத்தான்குளம், திசையன்விளைத் தேரிக்காட்டுக்குக் கொண்டுபோவது. வெள்ளத்தில் ஒரு பங்கைக் கடைமடைக்கு வராமல் திருப்பிவிடும், வறண்ட காட்டுக்கும் தண்ணீர் தரும். மழை கூடினாலும் பொய்த்தாலும் உதவும் வேலை இது. அடிக்கல் நாட்டியது 2009-இல், பயன்பாட்டுக்குத் திறந்தது 2025-இல். நடுவில் 16 ஆண்டுகள்! ஆட்சிகள் மாறின, நிதி நின்றது, நிலம் எடுப்பது இழுத்தது. நம்மிடம் நல்ல யோசனைகளுக்கு ஒருநாளும் பஞ்சமிருந்ததில்லை. இன்னொரு 16 ஆண்டுக்கு மழை நமக்காகக் காத்திருக்காது என்பதுதான் என் கவலை.

மாநில அரசுகளால் எதுவுமே முடியாது என்று சொல்ல வரவில்லை. ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் 29 அன்று அடித்த பெரும்புயலில் அங்கே சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பேரிடருக்கென்று தனி ஆணையத்தை அந்த மாநிலம் அமைத்துவிட்டது. நாட்டிலேயே முதலாவது அதுதான். பிறகு கடற்கரை நெடுக நூற்றுக்கணக்கில் புயல் காப்பகங்கள் கட்டினார்கள். சாதாரண நாளில் அவை பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம். ஊர் ஊராக இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2013-இல் பைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய 10 லட்சம் பேரை முன்பே அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர். 2019-இல் ஃபானிக்கும் அப்படித்தான், 12 லட்சம் பேர். ஏட்டில் எழுதியது கடைசி வீட்டு வாசல்வரை போனதால் கிடைத்த பலன் அது.

ஆனால் உயிரைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டவர்கள் பிழைப்பைக் காப்பாற்ற இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தது. ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றியதற்காக அரசைப் பலரும் பாராட்டினார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போய்க் கேளுங்கள். ஒரு தலைமுறை வளர்த்த தென்னந்தோப்பு ஒரே இரவில் சாய்ந்தது. உயிர் பிழைத்தவர் மறுநாள் காலையில் எதை வைத்துப் பிழைப்பது? உங்கள் வாழைத் தோட்டத்தின் கேள்வியும் இதுதானே.

மெதுவாக வருகிற கேடுகளை இன்னும் குறைவாகத்தான் கவனிக்கிறோம். புயலுக்குப் பெயர் உண்டு, கரை கடக்கும் நேரம் உண்டு, டிவியில் காட்ட ஒரு படமாவது உண்டு. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலின் கிணற்றில் உப்பு ஏறுவதற்கு எந்தத் தேதியும் கிடையாது. முக்காணிப் பக்கம் ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டியது கடல்நீர் மேலே ஏறாமலிருக்கத்தான். கடல் மட்டம் உயர உயர, கோடையில் ஆற்றில் வரத்துக் குறையக் குறைய, அந்த ஒரு தடுப்பணையின் மேல் பாரம் ஏறிக்கொண்டே போகும்.

வெயிலும் அப்படித்தான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இறந்த பிறகு வரும் பணத்தைவிட, இருக்கும்போது நிழலும் குடிதண்ணீரும் கழிப்பறையும் தேவை. ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே வேலை முடியும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் அங்கே ஏராளம். அது சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது. நான் பார்த்தவற்றில் பயனுள்ள காலநிலைத் திட்டங்களில் அதுவும் ஒன்று, அப்படி யாரும் அதற்குப் பெயர் வைக்காவிட்டாலும்! அதே மாதிரி ஏப்ரல், மே மாதங்களில் வேலை நேரத்தை அதிகாலைக்கும் மாலைக்கும் மாற்றிவிட்டுக் கூலியைக் குறைக்காமல் கொடுக்கச் செய்வது தொழிலாளர் துறை நினைத்தால் முடிகிற காரியம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாநிலப் பேரிடர் நிதியை 15-வது நிதிக்குழு இரண்டாகப் பிரித்தது. 80 பங்கு, நடந்த பிறகு மீட்பதற்கும் நிவாரணத்துக்கும். 20 பங்கு, நடக்கும் முன் தடுப்பதற்கு. தடுப்பதற்கென்று தனியாக ஒரு பங்கு ஒதுக்கியதே முன்னேற்றம்தான். ஆனால் அந்த விகிதமே நம் மனப்போக்கையும் காட்டுகிறது. வெள்ளம் வடிந்ததும் உங்கள் பக்கம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். அது கைக்கு வந்தது, தெரிந்தது, அந்த நேரத்தில் அவசியமாகவும் இருந்தது. சரியாகக் கட்டிய மறுகாலால் உடையாமல் போன கரையை யாரும் பார்ப்பதில்லை. அதற்கு ஓட்டும் கிடையாது, நன்றியும் கிடையாது. அதனால் அதைக் கேட்டு வாங்கும் வேலை உங்களைப் போன்றவர்கள் தலையில்தான் விழுகிறது.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. தலைமை ஏற்கும் ஆட்சியர்தான் மாவட்டக் காலநிலை இயக்கத்துக்கும் இயக்குநர். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அமலைச்செடி அகற்றுவது, உரத் தட்டுப்பாடு ஆகியவற்றோடு இதையும் எழுதிக் கொண்டுபோங்கள். 2023-க்குப் பிறகு எங்கள் குளத்தின் கரையையும் மறுகாலையும் சீரமைக்கப் போட்ட எஸ்டிமேட்டில் எத்தனை செ.மீ. மழை கணக்கில் எடுக்கப்பட்டது? அது எந்த ஆண்டு வரையிலான பதிவுகளிலிருந்து வந்தது? மறுகால் ஓடையில் உள்ள சாலைப் பாலமும் ரயில் பாலமும் அதே கணக்கில் மறுபரிசீலனை செய்யப்பட்டனவா? கரை தாங்காது என்றால் தண்ணீரை எந்தப் பக்கம் விடுவீர்கள், அங்கே உள்ளவர்களுக்கு யார் சொல்வார்?

வாய்மொழியாகப் பதில் வாங்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள். வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மேலக்குளத்து விவசாயிகளையும் கீழக்குளத்து விவசாயிகளையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிப் போட்டால் இன்னும் நல்லது. தண்ணீர்ச் சண்டையில் இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்த மனுவுக்காகவாவது பேசிப் பாருங்கள், அண்ணாச்சி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், மனு அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்